எஞ்சின் சத்தத்துக்கு ஒரு சொல்

பாரிஸுக்கு வந்து ஏழு மாதமாகியும் எனக்குப் பிரெஞ்சு பிடிபடவில்லை. பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நகரசபையின் மொழி வகுப்புக்குப் போனேன். புத்தகத்தில் உள்ள வசனத்தை எழுத்துக்கூட்டினால் விளங்கும். அதையே சமையலறையில் யாராவது சொன்னால், கடைசி எழுத்துகளை விழுங்கி, ஒரு சொல்லை அடுத்ததோடு ஒட்டிச் சொல்வார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது.

ஒரு வியாழன் எங்கள் ஆசிரியை புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு படம் போட்டார். ழாக் தெமி இயக்கி 1964இல் வந்த 'செர்பூரின் குடைகள்'. கார் திருத்தும் கராஜில் தொடங்குகிறது. வேலை முடிந்ததா என்று வாடிக்கையாளர் கேட்கிறார். முடிந்தது, எஞ்சின் சூடாகும்வரை கொஞ்சம் தட்டும், அது வழக்கம்தான் என்கிறான் மெக்கானிக். இதையெல்லாம் பாடுகிறார்கள். சரி, பாட்டு முடிந்ததும் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். கடைசிவரை வரவில்லை. காதலும், குடைக்கடைக்காரியின் கடன் கவலையும், பெட்ரோல் நிலையத்து விசாரிப்பும் எல்லாமே மிஷெல் லெக்ரானின் மெட்டில்தான். மெட்டு ஓர் ஒழுங்கில் போனதால் சொற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து என் காதில் விழுந்தன.

படம் முடிந்ததும் ஆசிரியை இன்னொன்று சொன்னார். கதாநாயகி கத்தரின் தெனவ் பாடவில்லை, தனியேல் லிக்காரி என்ற பாடகியின் குரல் அது. கதாநாயகனுக்கும் வேறொருவர்தான் பாடினார். வகுப்பில் சிலர் ஏமாந்ததுபோல முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு வீட்டு வாசலில் நிற்பதுபோல இருந்தது. அதே 1964இல்தான் 'புதிய பறவை' வந்தது. என் சிறுவயதிலும் இலங்கை வானொலியில் அந்தப் பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன. 'எங்கே நிம்மதி' தொடங்கினால் அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் வயலின்கள் அடங்கும்வரை யாரையும் பேச விடமாட்டார். சிவாஜிக்கு ஒரு குரல், எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல் என்று டி.எம். சௌந்தரராஜன் மாற்றிப் பாடுவதை எனக்குப் பிரித்துக் காட்டியவரும் அவர்தான். இதையெல்லாம் வகுப்பில் சொல்ல ஆசை. என்னிடம் இருந்த பிரெஞ்சுக்கு அது எட்டாது. கையை உயர்த்தி, "ஷே நூ ஒசி" என்றேன். எங்கள் ஊரிலும் அப்படித்தான். கேட்காமலே நான் வாய் திறந்த முதல் தடவை அது.

நூலகத்தில் அந்தப் படத்தை இரவல் எடுத்து வந்தேன். அல்ஜீரியாவில் போர் நடக்கும் காலம். கதாநாயகன் இரண்டு வருடப் படைச் சேவைக்குப் போகிறான். ரயில் நகர நகர, மேடையில் நிற்கும் கதாநாயகி ஜென்வியேவ் சிறுத்துக்கொண்டே போகிறாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னை வழியனுப்ப அம்மா மட்டும் வந்திருந்தார். அந்தக் காட்சியை ஒருமுறைதான் பார்த்தேன். கராஜ் காட்சியை எத்தனை தடவை என்று கணக்கில்லை. எஞ்சின் தட்டும் சத்தத்துக்கு அவன் சொல்லும் 'கிளிக்கெத்' என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அறையில் உடுப்பு மடிக்கும்போதும் அந்த வரியை மெட்டோடு சொல்லிப் பார்ப்பேன்.

அடுத்த மாதம் உணவகத்தில் கோப்பை கழுவும் இயந்திரம் சத்தம் போடத் தொடங்கியது. காலையில் தண்ணீர் சூடேறும்வரைதான், பிறகு நின்றுவிடும். திருத்த வந்தவர் பதினொரு மணிக்கு வந்து காதை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை என்று பெட்டியை மூடப் போனார். அவரைக் கூப்பிட்ட முதலாளி அப்பால் போய்விட்டார். நான்தான் பக்கத்தில் நின்றேன்.

"எல் கிளிக்கெத். ஆ ஃபுருவா." தட்டுகிறது, குளிர்ந்திருக்கும்போது.

மெட்டு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவர் ஒருகணம் என்னைப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டுக் கீழ்த்தகட்டின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டே, எப்போதிலிருந்து என்று கேட்டார். செவ்வாயிலிருந்து என்றேன்.