சொல் கேளாத மோட்டாரும் கூரைப் பீலியும்

2021 ஜூலை 29 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்த ரஷ்யாவின் நௌகா ஆய்வுகூடப் பகுதியின் உந்திகள், சில மணி நேரத்துக்குப் பின் எதிர்பாராமல் இயங்கி நிலையத்தை ஏறத்தாழ 540 பாகை சுழற்றிவிட்டன. நிலையத்தின் ஸ்வெஸ்தா பகுதியினதும் அங்கு நின்ற புரோகிரஸ் சரக்குக் கலத்தினதும் உந்திகள் எதிர்ப்பக்கம் தள்ளியே அதைச் சமாளித்தன. அந்த எதிர்த்தள்ளலைச் சிறிய அளவில் செய்து பார்க்க விரும்பி, ஹட்டனில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் மழைநீர் வடியும் நான்கு மீற்றர் கூரைப் பீலியொன்றின் இரு முனைகளையும் அடைத்து நீர் நிரப்பி, ரெஜிபோம் (தெர்மோகோல்) மிதவையின் மேல் காற்றாடி மோட்டார்களைப் பொருத்தினேன்.

முதலில் பொருத்தியவை இரண்டு. ஒன்றின் வயரைக் கழற்றியபோது மிதவை மெதுவாகவேனும் பீலியில் நான் இட்ட குறியை அடைந்தது. அதே மோட்டாரைக் கட்டளைக்கு அடங்காமல் முழு வேகத்தில் ஓடவிட்டபோது, மற்றதன் பலம் முழுவதும் அதைத் தடுப்பதற்கே போதாமற் போயிற்று. நின்றுபோன மோட்டார் கணக்கில் ஒன்றைக் குறைக்கிறது. சொல் கேளாத மோட்டார் தன்னோடு இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகிறது.

ஆகவே மூன்றாவதைச் சேர்த்தேன். கணக்கின்படி, ஒன்று அடங்காததை ஈடுகட்ட, மூன்றில் ஒரு பங்கு உந்துவிசை மிஞ்ச வேண்டும்; நீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதாகக் கொண்டால், வேகத்தில் சுமார் 58 சதவீதம் மிஞ்ச வேண்டும். ஆனால் மிதவை நடுப்பீலியிலேயே தயங்கி நின்றது. காற்றாடிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது: இதழின் வளைவு ஒரு திசைக்கென்றே அமைந்திருப்பதால், பின்னோக்கிச் சுழலும்போது காற்று மிக மெலிதாகவே வந்தது. அடங்காத ஒன்று முன்னோக்கித் தள்ள, மற்ற இரண்டும் தமது பலவீனமான திசையில் போராடிக்கொண்டிருந்தன. ஒரு மோட்டாரை மட்டும் திருப்பிப் பொருத்தினேன். இப்போது எந்த மோட்டார் தன் வலிய திசையில் அடங்காமல் ஓடினாலும், அதை எதிர்க்கும் இரண்டில் ஒன்றாவது தன் வலிய திசையில் தள்ளுகிறது. மோட்டார்களின் எண்ணிக்கையை விட அவை பார்க்கும் திசை இவ்வளவு முக்கியம் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

அடங்காத மோட்டாரின் சுவிட்சை அக்காவின் மகனிடம் கொடுத்தேன். "மாமா, நெனச்சப்பெல்லாம் மாத்தலாமா?" என்று கேட்டுவிட்டு, அவன் முன்னும் பின்னுமாக மாற்றிக்கொண்டேயிருந்தான். பீலியின் முனையிலுள்ள தூர உணரி காட்டும் அசைவுக்கும், நான் இட்ட கட்டளைக்கு வரவேண்டிய அசைவுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து அந்த மோட்டாரின் தள்ளலை ஊகித்து ஈடுசெய்யுமாறு நிரலை எழுதியிருந்தேன். காற்றாடி நின்று எதிர்த்திசையில் வேகம் பிடிக்கும் இடைவெளியில் மிதவை ஒரு சாண் தூரம் விலகியது. பிறகு குறிக்குத் திரும்பியது. அந்த ஒரு சாணைக் குறைக்க, எடை குறைந்த காற்றாடிகளை அடுத்துப் பொருத்தவிருக்கிறேன்.