சனிக்கிழமை முதல் தாள்

கணினிப் பழுது பார்க்கும் வேலைக்கான சான்றிதழ் தேர்வான காம்ப்டியா ஏ பிளஸுக்கு மூன்று மாதமாகப் படிக்கிறேன். மொத்தம் இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம். 900க்கு முதல் தாளில் 675, இரண்டாவதில் 700 எடுத்தால்தான் தேர்ச்சி.

போர்ட் எண்கள், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்கள், மனதில் நின்றுவிட்டன. காய் நறுக்கும்போதுகூட 22, 53, 443, 3389 என்று வாயில் ஓடுகிறது. லேசர் பிரிண்டர் அச்சிடும் ஏழு படிகள்தான் நிற்கவே இல்லை. அப்புறம் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் போய்க் கேட்டேன். "வாம்மா, பழுதான மெஷின் ஒண்ணு சும்மாதான் கிடக்கு" என்று மூடியைத் திறந்து டிரம், டோனர், பியூசர் எல்லாம் காட்டினார். அதில் வந்த தாள் ஒன்றைக் கொடுத்து விரலால் தேய்க்கச் சொன்னார். எழுத்து அப்படியே கரியாக விரலில் ஒட்டிக்கொண்டது. "பியூசர் சரியா சூடாகல. பொடி உருகித் தாள்ல பிடிக்கல, அவ்வளவுதான்." பொடியை உருக்கி ஒட்டும் அந்த ஆறாவது படி இனி எனக்கு மறக்காது. அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.

போன வாரம் அப்பாவின் கணினியில் நெட் வரவில்லை. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. பார்த்ததுமே, கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி கிடைக்கவில்லை என்று புரிந்தது. கேபிளைக் கழற்றி அழுத்திச் செருகினேன், சரியாகிவிட்டது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

எழுதி முடித்தவர்கள் ஒன்று சொல்லுங்கள்: செய்முறைக் கேள்விகளை முதலிலேயே போட்டுவிடலாமா, கடைசிக்கு வைக்கலாமா?