வயதுக்கு அளவெடுத்த கோல்ஃப் மட்டைகள்

பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு கோல்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால், கேட்பவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க சார் போய் ஆடுவீங்க?" என்றுதான் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ராணுவப் பணியில் வெலிங்டனில் இருந்த காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது; ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பின்னும் விடவில்லை. முடிகிற நாட்களில் விடியுமுன் காரை எடுத்து, முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய், கவடியாரில் உள்ள ஒன்பது குழி மைதானத்தில் பழைய சகா ஒருவரின் விருந்தினராக ஆடிவிட்டு வருவேன். மற்ற நாட்களில் மொட்டைமாடியில் கட்டிய வலைதான் மைதானம். பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு, சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் வயலில் அறுத்த தாள்களுக்கிடையே நின்று சிற்றடிகள் பழகுவதும் உண்டு. ஆடு மேய்க்க வருபவர்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள்.

அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகு என் மட்டைகளை உடலுக்கேற்ப அளவெடுத்து மாற்றிக்கொண்டதைப் பற்றி எழுதும்படி என் வயதுத் தோழர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியவர்களுக்கு இந்த அளவெடுப்பு, இழந்த தூரத்தை மீட்டுத் தரும் வித்தையாக விற்கப்படுகிறது. என் அனுபவத்தில் அதன் முதற்பயன் கைக்கும் முதுகுக்கும்தான். தூரம் கூடினால் அது உபரி வரவு.

என்னிடம் இருந்தவை என் நாற்பது வயதுகளில் வாங்கியவை. அயர்ன்கள் (மெல்லிய உலோகத் தலை கொண்ட, எண்ணிட்ட மட்டைகள்) எல்லாம் எஃகு ஷாஃப்ட் (தண்டு) கொண்டவை. ஒவ்வொரு ஷாஃப்டும் ஏறத்தாழ 120 கிராம். தொலைதூர முதலடிக்கான டிரைவரின் லாஃப்ட், அதாவது மட்டைமுகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், பத்தரை டிகிரி. அந்த வயதுக்கு அவை பொருத்தமாகவே இருந்தன. வயது ஏற ஏறத் தோளும் இடுப்பும் திரும்பும் அளவு குறைந்து, மட்டை சுழலும் வேகமும் குறைகிறது. வேகம் குறைந்தால் தூரம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். பந்தின் உயரம் குறைவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒரே லாஃப்டில் வேகம் மட்டும் குறையும்போது பந்து தாழ்வாகப் பறந்து, சரிவில்லாமல் தரையிறங்கி, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் நிற்காமல் உருண்டு பின்பக்கம் போய்விடுகிறது. இதோடு எனக்கு வலது கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம். இரண்டாவது ஒன்பது குழிகளை ஆடி முடிக்கும்போது சாவியைத் திருகிக் காரைத் திறப்பதே வேதனையாகிவிடும்.

எங்கள் பக்கத்துச் சிலம்ப ஆசான்கள் புது மாணவனுக்குக் கம்பு கொடுக்குமுன், அவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, நெற்றி உயரத்துக்கு அளந்து நறுக்கித்தான் கொடுப்பார்கள். பத்து வயதுச் சிறுவனுக்குச் செய்யும் இந்த மரியாதையை, கணிசமான பணம் கொடுத்து மட்டை வாங்கும் நாங்கள் எங்களுக்கே செய்துகொள்வதில்லை. கடையில் அடுக்கிவைத்திருப்பதை அப்படியே எடுத்து வந்துவிடுகிறோம்.

அளவெடுக்கப் பெங்களூருக்குப் போனேன். நாகர்கோவிலிலிருந்து வரும் இரவு ரயிலில் திருநெல்வேலியில் ஏறினால் காலையில் அங்கே இறங்கலாம். ஆனால் இறங்கிய அன்றே அளவெடுக்க நிற்கக் கூடாது என்பது என் உறுதியான யோசனை. ரயில் படுக்கையிலிருந்து எழுந்து வந்த முதுகின் அளவு வேறு, ஒரு நாள் ஓய்வெடுத்த முதுகின் அளவு வேறு. அதேபோல், மிக நன்றாக ஆடும் நாளுக்காகவும் மட்டையை அமைக்கக் கூடாது; சாதாரணமான ஒரு நாளில் உடல் எப்படி இருக்குமோ அதற்கே அமைக்க வேண்டும்.

அங்கே அளவெடுத்த இளைஞர் என்னை முதலில் ஒரு பந்தைக்கூட அடிக்க விடவில்லை. கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையையும் விரல்களையும் பார்த்தார். எந்த மூட்டு வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்டார். ஷூவோடு நிற்கவைத்து மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரைவரை நாடாவால் அளந்தார். அதன் பிறகு என் பழைய மட்டைகளையே அடிக்கச் சொல்லி, பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவியில் எண்களைப் பதிவுசெய்தார். இது முக்கியம். சொந்த மட்டைகளை எடுத்துப் போகாதவருக்குப் புதியது எதோடு ஒப்பிட்டு நல்லது என்று எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்குக் கருவியே தேவைப்படவில்லை. ஒரு பந்தில் கறுப்பு மார்க்கரால் செங்குத்தாகத் தடித்த கோடு ஒன்றைப் போட்டு, அந்தக் கோடு மட்டையின் முகத்தைப் பார்த்து நிற்கும்படி பந்தை வைத்து, ஏழாம் எண் அயர்னால் அடிக்கச் சொன்னார். அடித்த பின் மட்டையைத் திருப்பிப் பார்த்தால், கோட்டின் மை முகத்தில் அப்படியே ஒட்டியிருந்தது. ஆனால் நேராக நிற்காமல், மேல்முனை குதிப்பக்கம் (தண்டு தலையோடு சேரும் பக்கம்) சாய்ந்திருந்தது. பந்தைச் சந்திக்கும் கணத்தில் மட்டைத்தலையின் நுனி கீழே இறங்கியும் குதி மேலே தூக்கியும் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். வலக்கை ஆட்டக்காரருக்கு அப்படி இருந்தால், எவ்வளவு நேராக அடித்தாலும் முகம் சற்று வலப்புறம் பார்க்கும். சில ஆண்டுகளாகவே என் பந்து வலப்புறம் ஒதுங்கி வந்தது. நண்பர்கள் ஆளாளுக்கு என் மணிக்கட்டின் மேல் பழிபோட்டு, அதைத் திருத்த வகுப்பெடுத்தார்கள். காரணம் மணிக்கட்டு இல்லை, முதுகு. இடுப்பு இறுகியதால் முன்பளவு குனிய முடியாமல் நிமிர்ந்து நிற்கிறேன், கை உயர்கிறது, கை உயர்ந்தால் மட்டையின் நுனி தாழ்கிறது. லை கோணத்தை, அதாவது தண்டு தரையோடு சேரும் கோணத்தை, இரண்டு டிகிரி நிமிர்த்தினால் போதும் என்றார். என்னுடையவை கார்பன் எஃகில் அடித்துச் செய்த தலைகள் என்பதால், அவற்றைப் பிடிகருவியில் மாட்டி என் கண்முன்னேயே வளைத்துக் கொடுத்தார். வார்ப்பில் செய்த துருப்பிடிக்காத எஃகுத் தலைகளை இவ்வளவு எளிதாக வளைக்க முடியாது. வாங்கும்போதே சரியான கோணத்தில் வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது கிரிப், அதாவது கைப்பிடி உறை. மட்டையைப் பிடித்தால் இடக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் உள்ளங்கையின் மேட்டை லேசாகத் தொட வேண்டும் என்பது பொது வழக்கு. மூட்டு வலி உள்ளவர் அந்தக் கணக்கையும் மீறித் தடித்த கிரிப்பை முயன்று பார்க்கலாம். மெல்லிய பொருளை இறுகப் பிடிக்க விரல்கள் அதிகம் மடங்கி அழுத்த வேண்டும். தடித்ததை அதைவிடக் குறைந்த விசையில் நழுவாமல் பிடிக்க முடியும். இதை விளக்கப் பெரிய அறிவியல் வேண்டியதில்லை, என் கட்டைவிரலே சாட்சி சொல்லும். நூல் கலந்த சொரசொரப்பான கிரிப் வியர்க்கும் கைக்கு நல்லது என்பார்கள். திருவனந்தபுரத்துப் புழுக்கத்துக்கு அது பொருந்தும்தான், ஆனால் முதிய தோலை அது அராவிவிடுகிறது. மென்மையான ரப்பரையே தேர்ந்தெடுத்து, வியர்வைக்கு இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டேன்.

ஷாஃப்ட் விஷயத்தில்தான் ஆண்களின் வீறாப்பு குறுக்கே வருகிறது. 'ஸ்டிஃப்', 'ரெகுலர்', 'சீனியர்' என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பதவிச் சின்னமாக நினைத்து, 'சீனியர்' என்றதும் மனம் சுருங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெயர்களுக்குத் தொழில் முழுவதற்குமான பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'ரெகுலர்' இன்னொன்றின் 'ஸ்டிஃப்' அளவுக்கு விறைப்பாக இருக்கும். எனவே எழுத்தைப் பார்க்காமல் அடித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் விறைப்பைவிட எடை முக்கியம். என் அயர்ன் தலைகளை வைத்துக்கொண்டு, எஃகு ஷாஃப்டுகளைக் கழற்றி, 65 கிராம் கிராஃபைட் ஷாஃப்டுகளைப் பொருத்தச் சொன்னேன். மட்டையில் பாதி எடை போனதுபோல் கை உணர்கிறது. பந்தைத் தவறி அடிக்கும்போது முழங்கைவரை ஏறும் அதிர்வும் பெருமளவு அடங்கிவிட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: ஷாஃப்ட் இலேசாகி, கிரிப் தடித்துக் கனத்தால், தலைப்பக்கத்தின் கனம் கைக்குத் தெரியாமல் போய்விடும். அதைச் சரிக்கட்டத் தலையின் பின்புறம் சில கிராம் ஈயப் பட்டை ஒட்டினார். இரண்டு கிராம் சேர்த்தாலே ஸ்விங் எடை, அதாவது சுழற்றும்போது தலை கனக்கும் அளவு, ஒரு படி மாறும்.

டிரைவரை மட்டும் புதிதாக வாங்கினேன். என் மட்டை வேகம் மணிக்கு 78 மைல். பழைய டிரைவரில் பந்து 9 டிகிரியில்தான் கிளம்பியது. 12 டிகிரி லாஃப்டில் அது 14 டிகிரியாக உயர்ந்தது. கடைகளில் இப்போது கிடைக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் நாற்பத்தைந்தரை அங்குல நீளம். நீளம் கூடினால் வேகம் கூடும் என்பது உண்மை, ஆனால் நடுவில் படாத பந்துக்கு அந்த வேகத்தால் பயனில்லை. ஓர் அங்குலம் குறைத்ததும் முகத்தில் பந்து பட்ட தடங்கள் நடுவை நோக்கி நெருங்கிவிட்டன. காற்றில் பறக்கும் தூரம் 155 கெஜத்திலிருந்து 172 கெஜத்துக்கு உயர்ந்தது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடவில்லை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் பந்து கூடுதலாகப் பறக்கும். கணக்கைக் கடல்மட்டத்துக்கு மாற்றிக் காட்டும்படி கேட்டு வாங்கிய பிறகே அந்த எண்ணை ஏற்றுக்கொண்டேன். கொடைக்கானலில் ஆடிவிட்டுக் கீழே வந்து, "கை தளர்ந்துவிட்டது" என்று வருந்துபவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இங்கே ஒரு வியாபாரத் தந்திரத்தைச் சொல்லியாக வேண்டும். இதற்கு முன்பு வேறோர் ஊரில் ஒரு கடைக்காரர் என்னிடம் புது ஏழாம் எண் அயர்னைக் கொடுத்து அடிக்கச் சொல்லி, "பாருங்க சார், பதினைந்து கெஜம் கூடிருச்சு" என்று மகிழ்ந்தார். என் பழைய ஏழாம் எண்ணின் லாஃப்ட் 36 டிகிரி. அவர் கொடுத்ததோ 29 டிகிரி, அதோடு நீளமும் சற்று அதிகம். அந்த லாஃப்ட் என் பழைய பையில், தாழ்வாகவும் தூரமாகவும் பறக்கவைக்கும் ஐந்தாம் எண்ணுக்கு உரியது; அடிப்பக்கத்து எண்ணைத்தான் மாற்றிப் பொறித்திருக்கிறார்கள். வேகமாகச் சுழற்றும் இளைஞருக்கு அது உயரமாகவே பறக்கும், தலையின் அமைப்பும் அதற்கு உதவும். எங்களைப் போன்றவர்களுக்குப் பந்து தாழ்ந்துபோய், கிரீனில் நிற்கும் குணத்தை இழந்துவிடும். ஆகவே தலைகளை மாற்றாமல் வைத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமே இல்லை. நான்காம், ஐந்தாம் எண் அயர்ன்களை மட்டும் பையிலிருந்து எடுத்துவிட்டு, பருத்த தலை கொண்ட ஏழாம் எண் வுட்டும், அயர்னுக்கும் வுட்டுக்கும் இடைப்பட்ட ஒரு ஹைப்ரிடும் சேர்த்தேன். அகன்ற அடிப்பகுதி கொண்ட அவை என் வேகத்திலும் பந்தைத் தூக்கிவிடுகின்றன. விதிப்படி பதினான்கு மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம்; பன்னிரண்டு போதும், பையும் இலேசாகும்.

அளவெடுக்கும் அறையில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. செயற்கைப் புல்விரிப்பில், பந்துக்கு முன்னதாகத் தரையில் பட்ட மட்டையும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும்; மண்ணில் அது நடக்காது. எனவே முடிந்தால் புல்தரையிலும் சில பந்துகள் அடித்துப் பாருங்கள். களைத்த பிறகு வரும் எண்களை நம்பாதீர்கள்; நான் இடையிடையே உட்கார்ந்து மோர் குடித்தேன், அந்த இளைஞரும் அவசரப்படுத்தவில்லை.

இவ்வளவு செலவு செய்ய விரும்பாதவர்கள் கிரிப்பிலிருந்து தொடங்கலாம். அதற்குப் பெங்களூர் போகக்கூட வேண்டாம். பழையதைக் கத்தியால் கீறி உரித்து, ஷாஃப்டைச் சுத்தமாகத் துடைத்து, இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பென்டைனை டேப்பின் மேலும் புது கிரிப்பின் உள்ளும் ஊற்றி, ஒரே தள்ளாகத் தள்ளினால் ஏறிவிடும்; இடையில் தயங்கினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். இன்னும் தடிமன் வேண்டுமானால் டேப்பை மேலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். ஓரிரவு உலர விட வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஏற்றிய பிறகு மட்டைகளைக் கார் டிக்கியிலேயே போட்டுவைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நம் ஊரில் மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் ரப்பர் இறுகிப் பளபளத்துப் பிடிப்பை இழந்துவிடும், தலையை ஷாஃப்டோடு ஒட்டியிருக்கும் பசையும் நாளடைவில் தளரும். என் பை இப்போது வீட்டுக்குள், மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது.