நயாகரா போகும் வழியில், முத்திரை குத்திய ஒரு பந்து

நியூ ஜெர்சியில் இருக்கிறவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் நயாகரா கூட்டிப்போயே ஆகவேண்டும், திருப்பதிக்குப் போனால் மொட்டை மாதிரி. 2023 ஆகஸ்டில் மனைவியின் அப்பா அம்மா வந்திருந்தார்கள். எனக்கு அதில் மூன்றாவது நயாகரா. அதே தண்ணீர், அதே நீல மழைக்கோட்டு. இந்த முறை எனக்கும் கொஞ்சம் புண்ணியம் வேண்டும் என்று வழியைச் சற்று வளைத்து, கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரைத் திட்டத்துக்குள் நுழைத்துவிட்டேன். அங்கேதான் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பெரிய வீரர்களுக்குப் பட்டயம் வைக்கிற மண்டபமும் மியூசியமும், இருக்கிறது. "ஒரு மணி நேரம்தான்" என்றாள் மனைவி. நாலு மணி நேரம் ஆனது, அதில் என் தப்பு பாதிதான். மீதி மாமாவுடையது. மாமா அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பி.டி. மாஸ்டர்.

88-ம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வழியெல்லாம் சோளக்காடும் மாட்டுத் தொழுவங்களும்தான். ஊரில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை, ஒரே ஒரு டிராஃபிக் சிக்னல். மெயின் ஸ்ட்ரீட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் மட்டை, தொப்பி, வீரர் படம் போட்ட அட்டை. பல் வலிக்கு மாத்திரை வாங்குவது எங்கே என்று மாமி கேட்டது நியாயமான கேள்வி. கோடை முழுக்கப் பன்னிரண்டு வயதுப் பையன்களின் போட்டிகள் ஊரைச் சுற்றி நடக்கும், அதனால் நடைபாதை பூராவும் சீருடைப் பையன்கள், தோளில் துண்டு, துண்டு நிறைய சட்டையில் குத்துகிற பின்கள், ஒவ்வோர் அணியும் தன் பின்னை அடுத்த அணியோடு பண்டமாற்று செய்துகொண்டிருந்தது.

இந்த ஊருக்கு ஒரு தலபுராணம் உண்டு. 1839-ல் ஆப்னர் டபுள்டே என்பவர் இங்கேதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர், கண்டுபிடிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை நம்பி 1939-ல் கோயிலைத் திறந்துவிட்டார்கள். புராணம் பொய் என்று தெரிந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. இதை நாம் புரிந்துகொள்ள முடியும்.

டிக்கெட் ஆளுக்கு 30 டாலருக்குக் கிட்ட. முதலில் பட்டயக் கூடம். நீண்ட அமைதியான மண்டபம், சுவரெங்கும் வெண்கலப் பட்டயங்கள், ஒவ்வொன்றிலும் முகம் ஒன்று, கீழே நாலைந்து வரிச் சாதனைகள். 340-க்கும் மேல் இருக்கின்றன. பேப் ரூத் பட்டயத்தின் முன் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாமா என் காதில், "செருப்பையும் கழட்டணுமா மாப்பிள்ளை?" என்றார்.

அவருக்கு நான் காட்ட நினைத்த முதல் ஆள் ரூத் இல்லை. பட் கால்வின் என்று ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு பிட்சர் (பந்து வீசுபவர்), 1965-ல் இங்கே சேர்க்கப்பட்டவர். 1889-ல் இவர் விலங்கின் விதையிலிருந்து எடுத்த சாற்றை ஊசி போட்டுக்கொண்டு அடுத்த நாள் ஜெயித்தார். பிரவுன்-செகார் என்ற மருத்துவர் நாய், கினிப் பன்றி விதையிலிருந்து தயாரித்த வீரிய மருந்து அது. ஒளிவுமறைவே இல்லை, பத்திரிகை பாராட்டி எழுதியது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார், காவலர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "வேலை செஞ்சுதா?" என்றார். அந்தச் சாற்றில் சரக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் இன்றைய முடிவு. ஆனால் ஆசை அன்றைக்கே இருந்தது.

அப்புறம் அந்தப் பந்து.

கண்ணாடிக்குப் பின்னால் சாதாரண வெள்ளைப் பந்து, சிவப்புத் தையல், கொஞ்சம் அழுக்கு. அதன் தோலில் அச்சு வைத்து வெட்டினாற்போல ஒரு நட்சத்திரக் குறி. அடிக்குறிப்புக்குப் போடுவோமே, 'இதில் ஒரு விவகாரம் இருக்கிறது, கீழே பார்' என்று, அதே குறி. 2007 ஆகஸ்ட் 7 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பேரி பாண்ட்ஸ் அடித்த 756-வது ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) பந்து இது. ஹேங்க் ஆரனின் 755 என்ற சாதனை அன்றைக்கு உடைந்தது. பந்தைப் பிடித்த ரசிகர் ஏலத்துக்கு விட்டார். ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ 7,52,467 டாலர் கொடுத்து வாங்கி, இதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் ஊரையே ஓட்டுப் போடச் சொன்னார். அப்படியே கொடுப்பதா, நட்சத்திரக் குறி போட்டுக் கொடுப்பதா, ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்புவதா? குறிதான் ஜெயித்தது. ஏழரை லட்சம் டாலர். நம்மூர் ஆளாக இருந்தால் அந்த எண்ணைக் கேட்டதுமே விலகியிருப்பார்.

"யாரு இந்தப் பையன்? இவன் பட்டயம் எங்க?" என்றார் மாமா. கிழவர் ஆனாலும் மாமாவுக்கு விளையாடுகிறவர் எல்லாருமே பையன்தான்.

பட்டயம் கிடையாது. பாண்ட்ஸின் சாமான்கள் மியூசியத்தில் இருக்கின்றன, ஆள் மட்டும் மண்டபத்துக்குள் இல்லை. மொத்தம் 762 ஹோம் ரன், ஒரே சீசனில் 73, ஏழு முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது, அதில் மூன்று 1993-க்குள்ளேயே, அதாவது யாரும் அவரைச் சந்தேகிப்பதற்கு முன்பே. 2003-ல் பால்கோ என்ற கலிஃபோர்னியா நிறுவனத்தில் அதிகாரிகள் சோதனை போட்டபோது இவர் பெயர் வெளியே வந்தது. ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டாத மாதிரி உருவாக்கிய ஸ்டீராய்டு ஒன்று, பூசிக்கொள்ளும் களிம்பு ஒன்று. இரண்டையும் பயன்படுத்தியதாக வழக்கை விசாரித்த நீதிமன்ற நடுவர் குழு முன் பாண்ட்ஸே சொன்னார், ஆனால் அது ஆளி விதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்ததாகச் சொன்னார். நீதியைத் தடுத்ததாக 2011-ல் வந்த ஒரே தண்டனைத் தீர்ப்பும் 2015-ல் ரத்தாகிவிட்டது.

"ஆளி விதை எண்ணெயா?" மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நம்ம பசங்க பீடி நாத்தத்தோட வந்து, பக்கத்துல நின்னவன் குடிச்சான் சார்னு சொல்லுவானுங்க. அதே கதைதான்."

சட்டப்படி என்ன ஆயிற்று என்பது வேறு. மண்டபத்துக்குள் போக, அனுபவமுள்ள பேஸ்பால் நிருபர்களின் ஓட்டில் 75 சதவீதம் வேண்டும். பாண்ட்ஸுக்குப் பத்து வாய்ப்பு, 2013-ல் 36.2 சதவீதத்தில் ஆரம்பித்து 2022-ல் 66-ல் நின்றுபோனார். இதே சந்தேகத்தில் சிக்கிய பிட்சர் ரோஜர் கிளெமன்ஸ் 65.2. அதே 2022-ல் டேவிட் ஓர்டிஸ் முதல் முயற்சியிலேயே 77.9 வாங்கி உள்ளே போனார். 2003-ல் பெயர் வெளியிடமாட்டோம் என்று சொல்லி நடத்திய சோதனையில் சிக்கியவர்களில் இவரும் உண்டு என்று 2009-ல் செய்தி வந்தது, அவர் மறுத்தார், அந்த முடிவே நம்பத்தக்கதா என்று லீகின் தலைவரான கமிஷனரும் பின்னால் சந்தேகம் எழுப்பினார். எப்படியோ, ஓர்டிஸைப் பார்த்தால் எல்லாருக்கும் சிரிப்பு வரும், பாண்ட்ஸைப் பார்த்தால் நிருபர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓட்டில் இதற்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மாமாவிடம் எனக்குப் பிடித்த வாதத்தை எடுத்துவைத்தேன். 1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தம், சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கிற உலகத் தொடரே நடக்கவில்லை, ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். 1998-ல் மார்க் மெக்வயரும் சாமி சோசாவும் ஒரே சீசனில் ரோஜர் மாரிஸ் அடித்த 61 ஹோம் ரன் சாதனையைத் துரத்தி 70, 66 என்று முடித்தார்கள். கூட்டம் திரும்ப வந்தது. அந்தக் கோடையிலேயே மெக்வயரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டெனிடியோன் என்ற ஊக்கப் பொருளின் புட்டி இருந்ததை ஒரு நிருபர் பார்த்து எழுதினார். அப்போது அது கடையில் கிடைக்கும் பொருள், ஒலிம்பிக்கில் தடை, பேஸ்பாலில் தடை இல்லை. திட்டு வாங்கியது மெக்வயர் அல்ல, எழுதிய நிருபர்! ஸ்டீராய்டு எடுத்ததை மெக்வயர் ஒப்புக்கொள்ள 2010 ஆனது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு வைத்திருப்பது 1990-ல் வந்த சட்டப்படியே குற்றம். 1991-ல் அன்றைய கமிஷனர் எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் 2003 வரை சோதனையே இல்லை. வீரர் சங்கம் எதிர்த்தது, முதலாளிகளும் அதற்காக மல்லுக்கட்டவில்லை. 2007 டிசம்பரில் 89 வீரர்களின் பெயரோடு வந்த, பேஸ்பாலில் ஊக்கமருந்து பற்றிய மிட்செல் விசாரணை அறிக்கையும் கமிஷனர்கள், அணி நிர்வாகிகள், சங்கம், வீரர்கள் எல்லாருக்கும் பொறுப்பு உண்டு என்றுதான் சொன்னது. அந்தக் காலம் முழுக்கத் தலைமையில் இருந்த கமிஷனர் பட் செலிக், கடைசியில் சோதனையும் அறிக்கையும் கொண்டுவந்தவரும் அவரே, அது சரி. ஆனால் 2017-ல் அவருக்குப் பட்டயம் வைத்துவிட்டார்கள். உண்டியல் நிரம்பும்போது கண்ணை மூடிக்கொண்ட தர்மகர்த்தாவுக்கு மண்டபத்தில் இடம், உண்டியலை நிரப்பியவன் வாசலில். இதுதான் என் கட்சி, பத்து வருடமாக யாரிடம் வேண்டுமானாலும் பேசுவேன்: உள்ளே விடு, ஊக்கமருந்து விவகாரத்தையும் அதே வெண்கலத்தில் ஒரு வரி பொறித்துவிடு.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. "வெளிய போலாம், பசிக்குது" என்றார்.

பக்கத்திலேயே டபுள்டே ஃபீல்டு என்று பழைய மைதானம். ஏதோ உள்ளூர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். மாமி புளியோதரையைப் பிரித்தார், பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் வாசனைக்குத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மாமா ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கையில் தட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இவங்கள்ல எத்தனை பேர் பெரிய லீக் போவாங்க?"

"இவங்க சும்மா ஆடறாங்க மாமா. மைனர் லீக்னு தனியா இருக்கு, அதுலயே முக்கால்வாசிப் பேர் ஒரு நாள்கூட மேல போகாம முடிச்சுடுவாங்க." அப்போதுதான் டான் நால்டி ஞாபகம் வந்தது. மினசோட்டா ட்வின்ஸின் மைனர் லீக் பிட்சர், ஒல்லியான ஆள். ஸ்டீராய்டு எடுத்து ஏறக்குறைய 60 பவுண்டு ஏறினார், பந்தின் வேகம் மணிக்கு 80-களின் பிற்பாதியிலிருந்து 90-களின் நடுவுக்குப் போனது. 1996-ல் பெரிய லீக், 1999-ல் யாங்கீஸ் அணியோடு சாம்பியன் மோதிரம். பிறகு தானே முன்வந்து எல்லாவற்றையும் சொன்னார். 1994-ல் ஃபோர்ட் மையர்ஸ் அணியில் அவரோடு இருந்த மூன்று பிட்சர்கள் மருந்தைத் தொடவில்லை. ஏறக்குறைய அதே வயது, அதே திறமை. மூவரில் ஒருவர்கூடப் பெரிய லீகில் ஒரு பந்து வீசவில்லை.

மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல? அங்க உள்ள இவ்வளவு நேரம் ரெக்கார்டு, ரெக்கார்டுன்னு. ரெக்கார்டு போனா என்ன மாப்பிள்ளை, அது நம்பர். அந்த மூணு பேர் பொருள் ஏதாவது உள்ள இருக்கா?"

நான் பார்த்தவரை இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார், என்னைப் பார்க்காமல், மைதானத்தைப் பார்த்துக்கொண்டு. தொண்ணூறுகளில் மண்டல அளவு வாலிபால், பதினேழு வயதுக்கு உட்பட்டோர். தினமும் காலை ஐந்தரைக்கு வந்து நெட் கட்டுகிற பையன் ஒருவன். அவன் இடத்தில், தாடி முளைத்த, இருபது வயது தாண்டிய ஒருவனைப் பிறந்த தேதியை மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எல்லாப் பள்ளியிலும் இதுதான் நடக்கிறது, நாம் மட்டும் யோக்கியமாக இருந்து தோற்பதா என்றுதான் அன்றைக்குப் பேச்சு. "அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றார் மாமா. "கப் அடிச்சோம். ஹெட்மாஸ்டர் ரூம்ல இன்னும் இருக்கு. அந்தப் பையன் அடுத்த நாளும் வந்தான், நெட் கட்டினான். அதுக்கு அடுத்த நாள் வரல." அந்தப் பையன் வளர்ந்து இப்போது சொந்தமாக மாவு மில் வைத்திருக்கிறாராம். மாமா போனால் எழுந்து நின்று சார் என்பாராம், காசு வாங்கமாட்டாராம். "அதனால நான் மாவு வேற இடத்துல அரைக்கிறேன்."

மாமிக்கே இது தெரியாது போல. புளியோதரை டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

எல்லாரும் எடுத்தார்கள், ஆகவே எல்லாரும் சமம் என்ற வாதத்தை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எல்லாரும் எடுக்கவில்லை. எடுக்காதவர்கள் நம் கண்ணில் படாததற்குக் காரணமே அவர்கள் எடுக்காததுதான். பாண்ட்ஸுக்குப் பட்டயம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 762 இருக்கும், கோடிக்கணக்கில் சம்பாதித்த பணம் இருக்கும். இப்போது முதல் முறை மாட்டினால் 80 ஆட்டத் தடை, இரண்டாவது முறை ஒரு சீசன் முழுக்க 162, மூன்றாவது முறை ஆயுள். 2022-ல் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் போன்ற பெரிய நட்சத்திரமே 80 ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். அவருக்குத் திரும்பி வர இடம் காத்திருந்தது.

கிளம்பும்போது மணி மூன்று. மனைவி முகத்தைப் பார்த்து நான் பேசாமல் வண்டியை எடுத்தேன். வழியில் ஒரு பையன் மாமாவுக்கு இலவசமாக ஒரு பின் கொடுத்திருந்தான், தவளை மட்டை பிடிக்கிற படம், அதை ஸ்வெட்டரில் குத்திக்கொண்டிருந்தார். யூடிக்கா தாண்டி மழை பிடித்துக்கொண்டது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த மூணு பேர் பேரு என்ன?"

மனைவி போனில் தேடி ஒவ்வொன்றாகப் படித்தாள். காலையில் வருகைப் பதிவேடு எடுக்கிற மாதிரி மாமா ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னார். மூன்றாவது பெயர் அவர் வாயில் நுழையவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.