குடவோலைப் பானைக்குள் யார் பெயர் இருந்தது?

ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் வந்தால் தஞ்சைப் பெரிய கோயிலைவிட உத்திரமேரூருக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஊர் நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கினார்கள். ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் கல்வெட்டில் தங்கள் வயதுள்ள ஒருவன் இருக்கிறான் அல்லவா!

பல வகுப்புகளில் பாடம் இந்தப் பெருமையோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அது போதாது. அதனால் தகுதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவேன்: வரி கட்டும் கால்வேலி நிலம் (வேலி என்பது பழைய நில அளவு), சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் படிப்பு. அது சதுர்வேதிமங்கலம், அதாவது வேதம் படித்த பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். "அப்போ எங்க தாத்தா பேரு குடத்துல இருந்திருக்காதா, டீச்சர்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். இருந்திருக்காது என்று நேராகவே சொல்வேன். நிலமில்லாத உழவருக்கு ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த உண்மையைத் தாங்கும் பலம் உண்டு. மூடி மறைத்தால்தான் வரலாறு அவர்களுக்கு அந்நியமாகிவிடும்.

சரி, பெருமைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

இங்கிருந்து குடிமையியலுக்குப் போவது எளிது. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. கிராம சபையில் வரவு செலவுக் கணக்கு வைக்கப்பட வேண்டும். 'அம்மா கிராம சபைக்குப் போயிருக்கிறாரா?' என்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம். பெரும்பாலும் 'இல்லை' என்றே பதில் வரும். அப்புறம் அடுத்த கூட்டத்தில் அம்மா என்ன கேட்கலாம் என்று வகுப்பிலேயே எழுதுவோம். பள்ளிக்கு வரும் வழியில் எரியாத தெருவிளக்கு, தண்ணீர் வராத குழாய், மூடாத கால்வாய் என்று பட்டியல் நீளும். அதை நான் திருத்துவதில்லை. எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துக் கொடுத்தனுப்புவேன்.