மழைக்காலத்தில் கோடியக்கரை

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்துக்குப் போக நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல பருவம். வலசைப் பறவைகள் வந்திருக்கும், மழையும் இருக்கும். புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் கிளம்பவே வேண்டாம்.

வேதாரண்யத்தைத் தாண்டியதும் உப்பளங்களும் சதுப்பும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும் தரை, அடியில் குழைசேறு. தார்ச்சாலையை விட்டுச் சக்கரத்தை இறக்காதீர்கள். இறங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாகப் புதையும். புதைந்து சுற்றும் சக்கரத்தின் அடியில் பலகையோ கால்மிதியோ போட்டு மெதுவாக எடுங்கள்.

கேமராவை ஏசி காற்றில் வைத்திருந்து சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். இருபது நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

சரணாலயத்தில் உயரமான இடம் ராமர் பாதம் என்ற மேடு. சில மீட்டர் உயரம்தான், ஆனால் சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் பார்வை வெகுதூரம் போகும். புல்வெளியில் வெளிமான்களைக் காலையில் தேடுங்கள். முறுக்குக் கொம்பும் கருத்த முதுகுமாக நிற்பது வளர்ந்த ஆண். வண்டியிலிருந்து இறங்காமல், இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் மேய்ந்துகொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் ஓடிவிடும். பூநாரைகள் ஆழமில்லாத உப்புநீரில்தான் இரை தேடும். கனமழையில் நீர்மட்டம் ஏறினால் இடம் மாறிவிடும், அதனால் எங்கே நிற்கின்றன என்று வனத்துறைக் காவலர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பறக்கவைத்துப் படம் எடுப்பதற்காக அவற்றை விரட்டுவது கொடுமை, தயவுசெய்து செய்யாதீர்கள்.