மரமில்லாத மலையும் ஒரு மஞ்சள் தொண்டையும்

வேலூர்க்காரர்களுக்கு இந்தக் கேலி பழகிப்போனதுதான்: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், பாலாற்றிலும் எப்போதாவது வெள்ளம் போகிறது, மலை விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. சில வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஊருக்குப் பக்கத்துப் பாறைக் குன்றில் ஏறி, சாக்கு சாக்காக விதைப்பந்து வீசி, செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கியவன்தான்.

பறவை பார்க்கும் பழக்கம் அதற்கப்புறம் வந்தது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்திக்கு மார்ச் மாதம் போய்ப் பாருங்கள். சரிவில் இருக்கிற மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும், அங்கே ஒரு மணி நேரம் நின்றாலும் ஒரு மரங்கொத்தி, இரண்டு கரிச்சான், அவ்வளவுதான். ஓடைப் பக்கம் இறங்கினால் கதையே வேறு. மேலே நாவல் மரத்தில் குக்குறுவான் விடாமல் கத்துகிறது, நடுக்கிளைகளுக்கிடையே அரசவால் ஈப்பிடிப்பான் வெள்ளை ரிப்பன் மாதிரி வாலை இழுத்துக்கொண்டு பூச்சி பிடிக்கிறது, கீழே தவிட்டுக்குருவிக் கூட்டம் சண்டை போட்டுக்கொண்டே சருகைக் கிளறுகிறது. இரண்டு இடத்திலும் பெய்வது ஒரே மழைதான், ஆனால் ஈரம் தங்குவது ஓடையில். ஈரம் இருந்தால் இலை, இலை இருந்தால் பூச்சி. சூழலியலாளர் ராபர்ட் மக்காத்தர் 1961-இல் அமெரிக்கக் காடுகளை வைத்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எத்தனை வகை மரம் என்பதைவிட, தரை, புதர், உச்சி என்று இலைகள் எத்தனை உயரத்தில் பரவியிருக்கின்றன என்பதை வைத்தே பறவை வகைகளைக் கணிக்க முடியும். உண்ணிச்செடி மண்டிய இடத்தைப் பார்த்தாலும் இது புரியும். பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் இடுப்புயரத்தில் ஒரே அடுக்கு. கொண்டைக்குருவிக்குப் பழம் கிடைக்கும், மற்றவைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

மேலே ஏறினால் இன்னொரு கணக்கு. காவலூர் வானாய்வகம் இருப்பது 725 மீட்டர் உயரத்தில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்றால், வேலூரும் இருநூறு மீட்டருக்கு மேல் இருப்பதைக் கழித்தாலும், ஊர் 41-இல் வேகும்போது அங்கே மூன்று டிகிரியாவது குறைவாக இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை சருகை நனைக்கிற சமயத்தில் ஆறுமணிக்குருவி வடக்கேயிருந்து வந்து சேரும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூவுவதால் அந்தப் பெயர், கடிகாரம் பார்த்துச் சரிபார்த்தவன் நான் (பத்து நிமிடம் தாமதம்). புதருக்கடியில் நனைந்த மண்ணைக் கிளறிப் புழு தின்று, வெயில் ஏறும் ஏப்ரலில் கிளம்பிவிடும்.

வால்பாறைக்குப் போய் வந்த நண்பன் இருவாச்சிப் படத்தைக் காட்டி, "நம்ம ஊர்ல என்னடா இருக்கு?" என்றான். வாஸ்தவம்தான். மலை இருவாச்சி கூடு வைக்கப் பொந்துள்ள பெருமரம் வேண்டும், வருடம் முழுக்கப் பழம் வேண்டும். வருடத்துக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழையும் மூன்று நான்கு மாத வறட்சியும் உள்ள மலையில் அது நடக்காது.

ஆனால் இங்கே இருப்பது அந்த மழைக்காட்டில் இல்லை. ஒருநாள் விடிகாலை பாறை இடுக்கில் வளர்ந்த இச்சி மரத்தில் ஒரு சின்னான், கொண்டைக்குருவிக்குச் சொந்தம். கொண்டை கிடையாது, தலை மஞ்சள் கலந்த பச்சை, தொண்டை பளிச்சென்று மஞ்சள், வால் நுனியிலும் மஞ்சள் தீற்றல். பழத்தைப் பறித்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மஞ்சள்தொண்டைச் சின்னான், தென்னிந்தியாவின் வறண்ட பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதற்கு வேண்டியது பாறையும் முட்புதரும் இடையில் கொஞ்சம் இச்சியும்தான், அதாவது நாம் 'மொட்டை மலை' என்று சொல்கிறோமே அதுதான். கல்குவாரிக்காரர்களிடம் இழந்தது போக மிச்சமிருக்கும் குன்றை, வெறுமையாக இருக்கிறதென்று தோப்பாக்கப் பார்க்கிறோம்.

போன மாதம் அந்தப் பழைய குன்றுக்குத் தனியாகப் போனேன். சின்னான் இல்லை, ஒரு ஜோடி கௌதாரி மட்டும் ஓடியது. நான் வீசிய பந்துகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. நல்லவேளை.